படிக்கப் போன பிள்ளை ஊர் சுற்றலாமா?

ஜேர்மனியில் படிக்கும் பிள்ளை பாரிஸில் ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் நின்று எடுத்த படம் முகநூலில் வருகிறது. சில வாரம் கழித்து அதே பிள்ளை பிராக் நகரத்துப் பழைய பாலத்தில் நிற்கிறது. அடுத்த மாதம் ஆம்ஸ்டர்டாமில் வாய்க்கால் ஓரம். மட்டக்களப்பின் செட்டிபாளையத்தில் அந்தப் படங்களுக்கெல்லாம் விருப்பம் போட்டவர்களே பின்னேரம் கூடிக் கதைக்கும்போது வேறு மாதிரிக் கேட்கிறார்கள்: “படிக்கப் போனதா, ஊர் சுத்தப் போனதா?” தேற்றாத்தீவிலும் களுதாவளையிலும் களுவாஞ்சிக்குடியிலும் இதே கேள்விதான். வெறும் பொறாமை என்றால் தள்ளிவிடலாம். வளவை ஈடு வைத்து, நகையை அடகு வைத்து அனுப்பிய குடும்பங்களின் கணக்கும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஆகவே பதிலும் கணக்கோடு வரவேண்டும். ஐரோப்பாவில் படிக்கும் நம் பிள்ளைகளின் சனி, ஞாயிறு பயணங்கள் படிப்புக்கு இடைஞ்சல் அல்ல, படிப்பின் ஒரு பகுதி என்பதும், அந்தப் பகுதிக்கான காசைக் குடும்பம் ஏற்கெனவே கட்டிவிட்டது என்பதும், அதைப் பயன்படுத்தாமல் திரும்பி வருவதுதான் உண்மையான வீண்செலவு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் காசு. ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கற்கைக் கட்டணம் கிடையாது. ஐரோப்பியர் அல்லாத மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ அறவிடும் பாடன் வூர்ட்டெம்பேர்க் மாநிலம் முக்கிய விலக்கு. ஆனால் விசாவுக்குப் போகும்போது, ஒரு வருடச் சீவியத்துக்குப் போதுமான பணம் இருக்கிறதென்று காட்டவேண்டும். அதற்காக, பிள்ளைகள் ‘புளொக்ட் அக்கவுண்ட்’ என்று சொல்லும் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டு வைக்கிறார்கள். யூரோ ஒன்று 350 ரூபா என்றாலே நாற்பது இலட்சத்தைத் தாண்டுகிறது. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும். வீட்டு வாடகை, மருத்துவக் காப்புறுதி, சாப்பாடு போனபின் மிஞ்சுவது சொற்பம். ஆகவே பிள்ளை வேலைக்குப் போகிறது. உணவகத்தில் கோப்பை கழுவும், களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும். அந்த வேலைக்குக் கிடைக்கிற நாள்கள் பெரும்பாலும் சனியும் ஞாயிறும்தான். 2026 ஜனவரி முதல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 13.90 யூரோ. எட்டு மணிநேரம் நின்றால் நாளுக்கு 111 யூரோ, இரண்டு நாளுக்கு 222. எனவே ஒரு வார இறுதிப் பயணத்தின் விலை பஸ் சீட்டோடு முடிவதில்லை. உழைக்காமல் விட்ட 222 யூரோவையும் அதில் சேர்க்கவேண்டும். ஊரில் கேட்கிறவர்களின் மிகப் பலமான வாதம் இதுதான்.

ஆனால் கணக்கை முழுதாகப் போட்டால் படம் மாறுகிறது. வெளிநாட்டு மாணவர் ஒருவர் வருடத்துக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம் என்பது 2024 மார்ச் முதல் அங்குள்ள பொது விதி. வருடத்தின் எல்லாச் சனி, ஞாயிறும் உழைத்தால் 104 நாள் ஆகிறது. மாதத்தில் ஒரு வார இறுதியை மட்டும் பயணத்துக்கு ஒதுக்கினால் 24 நாள் கழிந்து 80 மிஞ்சும். மிச்சம் 60 நாளையும் பருவ விடுமுறைகளில் நிரப்பிக்கொள்ளலாம். இரண்டு விடுமுறையும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து மாதம் வருகிறது. சட்டம் எப்படியும் 140-இல் நிறுத்திவிடுகிறது. மாதம் ஒருமுறை ஊர் சுற்றுகிற பிள்ளையும் அந்த 140-ஐ எட்டலாம். விடுமுறையில் வேலை கிடைக்காத நகரங்கள் உண்டு, பரீட்சை விடுமுறைக்குள் நீள்கிற பாடங்களும் உண்டு என்பது உண்மைதான். அப்படியானவர்கள் மாதம் ஒன்றை இரண்டு மாதத்துக்கு ஒன்றாக்கிக் கொள்ளட்டும். போக்குவரத்துச் செலவோ பயப்படும் அளவில் இல்லை. நாடு முழுதும் உள்ளூர், பிராந்திய ரயில்களில் ஏறி இறங்கும் மாதச் சீட்டு 63 யூரோ. பல பல்கலைக்கழகங்களில் மாணவருக்கு அது இன்னும் மலிவு. அதே சீட்டோடு ஒஸ்திரியாவின் சால்ஸ்பூர்க் வரை போகலாம். கெல் என்ற எல்லை ஊரில் இறங்கினால் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் ஆற்றுக்கு அக்கரையில்.

எந்த மாணவருக்கும் பயணம் நல்லதுதான் என்ற பொதுப் பேச்சோடு நின்றுவிட்டால் இந்த வாதம் அரைகுறை. நம் பிள்ளைக்கு அது வேறு விதமாக அவசரமானது. காரணம் கடவுச்சீட்டு. இலங்கைக் கடவுச்சீட்டோடு ஐரோப்பாவைப் பார்க்க விரும்புகிறவர் விசாவுக்கு 90 யூரோ கட்டி, வங்கிக் கணக்கைக் காட்டி, வேலைக் கடிதம் கொடுத்து, மறுப்புக் கடிதத்தையும் எதிர்பார்த்துக் காத்திருக்கவேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் வலய விமான நிலையம் ஒன்றில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்குக்கூட முன்கூட்டியே விசா பெறவேண்டிய ஒரு சிறு பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. இவ்வளவு இறுக்கமான கதவு, மாணவருக்கான வதிவிட அனுமதி அட்டை கைக்கு வந்ததும் அகலத் திறக்கிறது. ஷெங்கன் வலயத்தில் இன்று 29 நாடுகள். அவற்றில் ஒன்றின் வதிவிட அட்டை இருந்தால் ஏனைய நாடுகளுக்கு, 180 நாளில் 90 நாள் வரை, தனி விசா இல்லாமல் போய்வரலாம். படிப்பு முடிந்து அட்டை காலாவதியாகி ஊருக்கு வந்தால் கதவு பழையபடி சாத்திக்கொள்ளும். பிறகு அதே பாரிஸுக்குப் போக நாற்பது வயதில் மறுபடி வங்கிக் கணக்கு காட்டவேண்டும். ஜேர்மன் மாணவருக்கு இந்த வார இறுதி தவறினால் அடுத்த வருடம் இருக்கிறது, நம்மவருக்கு இருப்பது அட்டையில் அச்சிட்ட திகதி மட்டும். (பிரித்தானியாவில் படிக்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. லண்டனிலிருந்து பாரிஸ் ரயிலில் இரண்டேகால் மணிநேரம்தான், ஆனால் பிரித்தானிய மாணவர் விசா ஷெங்கனுக்குச் செல்லாது. நாட்டைத் தெரிவு செய்யும்போதே இதைப் பார்க்கவேண்டும் என்று ஊர் முகவர்கள் சொல்வதில்லை.)

இந்த அட்டையின் பெறுமதியை உணர நாற்பது வருடம் பின்னால் போகவேண்டும். 1980-களின் முற்பகுதியில் இலங்கையிலிருந்து தப்பிப்போன தமிழர் பலருக்கு ஐரோப்பாவின் வாசல் கிழக்கு பேர்லின். ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைவழி விசாவோடு பிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் நுழைந்தார்கள். அதை ஒரு நாட்டெல்லையாக மேற்கு அங்கீகரிக்கவில்லை. அதனால் மேற்குப் பக்கத்தில் முறையான கடவுச்சீட்டுச் சோதனை இருக்கவில்லை. பனிப்போரின் ஒரு ஓட்டை எம்மவருக்கு வழியானது. 1985-இல் மேற்கு ஜேர்மனியின் வற்புறுத்தலால் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை இலங்கைத் தமிழருக்கு அடைத்தது. நான்கே வருடத்தில், 1989 நவம்பர் 9-ஆம் திகதி, பேர்லின் மதிலே விழுந்தது. இன்று அந்த நிலையத்தின் ஓரத்தில், கிழக்கிலிருந்து வெளியேறியவர்களைச் சோதித்த பழைய கண்ணாடி மண்டபம் நூதனசாலையாக நிற்கிறது. நுழைவு இலவசம். கடவுச்சீட்டை நீட்டிக்கொண்டு நின்ற ஒடுங்கிய கூடு அப்படியே இருக்கிறது. சித்தப்பாவோ பெரியப்பாவோ பயந்து பயந்து கடந்துபோன நிலையம் அது என்று தெரிந்துகொண்டு அந்தக் கூட்டுக்குள் நிற்கிற பிள்ளைக்கு, அரசியல் விஞ்ஞான விரிவுரையில் வரும் ‘எல்லை’ வேறு பொருளில் விளங்கும். இதைப் ‘பொழுதுபோக்கு’ என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

எல்லை என்பது நம் பக்கத்துக்குப் புதுச் சரக்கும் அல்ல. செட்டிபாளையம் கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை நிலத்தில் இருக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரை. வயலும் மாடும் அங்கே, பள்ளிக்கூடமும் கச்சேரியும் இங்கே என்று இரண்டு கரையும் ஒன்றையொன்று நம்பிப் பிழைத்தவை. போர்க்காலத்தில் இந்த வாவிதான் எல்லையானது. எழுவான்கரை இராணுவத்தின் கையில், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையில் என்று 2007 வரை இழுபட்டது. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் பாதைப் படகில் ஏறுகிற சனம் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிய காலம் அது. இங்கே வளர்ந்த பிள்ளை ஸ்ட்ராஸ்பூர்க்கில் ட்ராமில் ஏறினால் சில நிமிடத்தில் ரைன் ஆற்றைக் கடந்து ஜேர்மனியின் கெல் நகரில் இறங்கும். யாரும் அட்டை கேட்காத நாளில், எந்த இடத்தில் நாடு மாறியது என்றே தெரியாது. ஆனால் 1871, 1918, 1940, 1944–45 என்று முக்கால் நூற்றாண்டுக்குள் நான்கு தடவை அந்த நகரம் இரு நாட்டுக்குமிடையே கைமாறியது. ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூட மொழி மாறியது, தெருப் பெயர் மாறியது. இன்றைய ட்ராம் பாதை ஆற்றைக் கடந்தது 2017-இல்தான். நம் வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் திறந்தது 2014-இல். இந்த இரண்டு ஆண்டையும் பக்கத்தில் வைத்து யோசிக்கக்கூடிய ஆள் பாரிஸ் மாணவர் அல்ல, மட்டக்களப்பு மாணவர்.

இதே காரணத்தால்தான், ஈபிள் கோபுரத்துக்கு ஒரு நாள் கொடுக்கிறவர் வேர்டனுக்கு இரண்டு நாள் கொடுக்கலாம் என்பேன். 1916-இல் பிரெஞ்சுப் படையும் ஜேர்மன் படையும் மாதக்கணக்காக மோதிய இடம். அங்குள்ள டுவாமோன் எலும்பு மண்டபத்தில் அடையாளம் தெரியாத ஏறத்தாழ 130,000 வீரர்களின் எலும்புகள் இரு நாட்டுப் பிரிவினை இல்லாமல் ஒன்றாகக் கிடக்கின்றன. கீழ்ச் சுவரில் உள்ள சிறு கண்ணாடிச் சாளரங்களில் குனிந்து பார்த்தால் அவை தெரியும். 1984-இல் பிரெஞ்சு ஜனாதிபதி மித்திரோனும் ஜேர்மன் தலைவர் ஹெல்முட் கோலும் கைகோத்து நின்றது அந்த மண்டபத்தின் முன்னால்தான். கொக்கட்டிச்சோலையில் 1987-இலும் 1991-இலும், சத்துருக்கொண்டானிலும் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் 1990-இலும் கொன்று குவிக்கப்பட்டவர்களை நினைவுகூரும் மாவட்டம் இது. ஆனால் ஒவ்வொரு சமூகமும் தன் இறந்தவர்களை மட்டும் நினைக்கிறது. செட்டிபாளையத்துக்கு அடுத்த ஊரான குருக்கள்மடத்தில் 1990-இல் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் புதைகுழி பற்றிய விடயம் வருடக்கணக்காக நீதிமன்றத்தில் இருக்கிறது. எதிரியின் எலும்பையும் தன் எலும்பையும் ஒரே கூரையின் கீழ் வைக்க ஒரு சமூகத்துக்கு என்ன ஆகவேண்டும் என்ற கேள்வியோடு ஒரு பிள்ளை வேர்டனிலிருந்து திரும்பினால், அந்தப் பயணத்துக்குப் போன காசைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன்.

ஐரோப்பாவில் நம் கதையும் கிடக்கிறது. 1601-இல் சீலாந்து மாகாணத்தின் வேரே துறையிலிருந்து புறப்பட்ட ஒல்லாந்த மாலுமி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602 மே இறுதியில் வந்து சேர்ந்தது மட்டக்களப்புக்கு. இங்கிருந்துதான் அவர் கண்டிக்கு ஏறிப்போய் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். போர்த்துக்கேயர் புளியந்தீவில் 1628-இல் கட்டிய கோட்டையை 1638-இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். நெடுங்காலம் நம் கச்சேரி இயங்கிய அதே கோட்டை. வேரே இன்று சின்னஞ்சிறு படகுத்துறை. நெதர்லாந்தில் படிக்கும் மட்டக்களப்புப் பிள்ளை ஒரு சனிக்கிழமை அங்கே போய்வந்துவிடலாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்த கண்டிப் பீரங்கி, 2023 டிசம்பரில் வேறு ஐந்து பொருள்களோடு கொழும்புக்குத் திரும்பிவிட்டது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அங்கே இன்று என்ன பேசுகிறார்கள் என்பதை அந்த மண்டபத்திலேயே கேட்கலாம். லிஸ்பனுக்குப் போனால் காதில் விழும் மொழி முற்றிலும் அந்நியம் அல்ல. மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் வீடுகளில் நானூறு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிற பேச்சின் தாய் அது. 1554-இல் ரோமன் எழுத்தில் தமிழை அச்சேற்றிய சிறு கிறிஸ்தவ நூல் வெளிவந்ததும் அந்த நகரத்தில்தான். அதை நம் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகள். 1930-களில் ரோமாபுரியில் குருத்துவக் கல்வி கற்கப் போன அடிகள், இறையியலோடு மட்டும் நின்றிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு நல்ல குருவானவர். நகரம் நகரமாக, நூலகம் நூலகமாகத் திரிந்தபடியால்தான் ‘ஒன்றே உலகம்’ என்ற பயண நூலும், உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றமும், 1966-இல் கோலாலம்பூர் மாநாடும் கிடைத்தன.

இதற்கு மறுப்பாக எடுத்து நீட்டப்படும் பெயர் விபுலானந்தருடையது. காரைதீவில் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை இலங்கையில் இருந்தபடியே பெற்றவர் அவர். லண்டன் போகாமலே லண்டன் பட்டம் எடுக்க முடிந்தால் ஊர் சுற்றுவதற்கு என்ன அவசியம் என்பது வாதம். பரீட்சை பற்றி இது சரி. ஆனால் விபுலானந்தரை விபுலானந்தர் ஆக்கியது அந்தப் பரீட்சையா? மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இமயத்து மாயாவதியில் ஆங்கில இதழொன்றின் ஆசிரியர் பணி என்று அவர் வாழ்க்கை நெடுக நடமாட்டம். 1947-இல் அரங்கேறிய அவரது இசை ஆய்வான யாழ் நூல் காரைதீவுத் திண்ணையில் இருந்தபடி எழுதக்கூடியதல்ல. பட்டத்துக்குப் பயணம் தேவையில்லை, ஆளுக்குத் தேவை.

படம் பிடித்துப் போடுவதற்காகவே போகிறார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதில் பாதி நியாயம் உண்டு. இரண்டு நாளில் மூன்று தலைநகரம், இரவு முழுதும் பஸ், காலையில் தூக்கக் கண்ணோடு ஒரு கோபுரம், மத்தியானம் இன்னொரு கோபுரம் என்று ஓடுகிறவர்கள் காலைத்தான் நோகவைக்கிறார்கள். வேறு ஒரு வகை நம்மவரிடம் மட்டும் காணப்படுகிறது. பாரிஸுக்குப் போவார்கள். மாமி வீட்டில் தங்குவார்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கொத்து ரொட்டி, மாணிக்கப் பிள்ளையார் கோயில், மச்சானோடு படம், ஞாயிறு இரவு திரும்பும் பஸ். உறவு விட்டுப்போகாமல் இருக்க அது நல்லது, தங்குமிடச் செலவும் மிச்சம். ஆனால் களுவாஞ்சிக்குடிச் சந்தையிலிருந்து களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கே போய்வந்த கதைதான் அது. ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் வதியும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டுக் கடவுச்சீட்டாக இருந்தாலும், லூவர் நூதனசாலை இலவசம். மாமி வீட்டிலிருந்து மெட்ரோவில் சில நிலையம்தான். ஆனால் மோசமாகப் பயணம் செய்கிறார்கள் என்பது நன்றாகப் பயணம் செய்யப் பழக்கவேண்டும் என்பதற்கான காரணம். விரிவுரையில் தூங்குகிற மாணவர் இருப்பதால் யாரும் விரிவுரையை நிறுத்தச் சொல்வதில்லை.

சொந்த நாட்டையே பாராதவருக்கு ஐரோப்பா எதற்கு என்ற மறுப்பை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. செட்டிபாளையத்திலிருந்து ரயிலேற முதலில் வடக்கே மட்டக்களப்பு நகருக்குப் போகவேண்டும். 1920-களில் வந்த பாதை அங்கேயே முடிந்துவிட்டது, தெற்கே கல்முனைக்கு ஒரு தண்டவாளம்கூட நீளவில்லை. அங்கிருந்து உதயதேவியில் ஏறினால் கொழும்புக்குப் பெரும்பாலும் ஒரு பகல் முழுதும் போய்விடும். ஜேர்மனியில் இதே நேரத்தில் இரண்டு நாடு தாண்டலாம். ஆகவே இங்கே பிள்ளைகள் நாட்டைப் பாராததற்கு அவர்களின் அக்கறையின்மை மட்டும் காரணம் அல்ல. ஆனால் வாவியைக் கடப்பதற்கு ரயில் தேவையில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் 1986 முதல் இயங்குகிறது. தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்து அங்கே படிக்கிறவர்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊர் பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் ஒரு சனிக்கிழமை படுவான்கரைக்கோ காத்தான்குடிக்கோ போனால் அதுவும் நான் சொல்லும் அதே கல்விதான். வைகாசியில் செட்டிபாளையம் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் நாள்களில் சிங்கள மாணவர் ஒருவர் வந்து நின்றால், தன் ஊரில் பத்தினித் தெய்யோ என்று கும்பிடும் தெய்வம் இங்கே வேறு பெயரில் நிற்பதைக் காண்பார். ஊரில் இந்தப் பழக்கம் இருந்தால் ஐரோப்பாவில் அது தானாக வரும். ஊரை முழுதாகப் பார்த்து முடிக்கட்டும், பிறகு உலகம் என்பது மட்டும் சரிவராது. வாவி எங்கும் போகாது, ஆனால் வதிவிட அட்டைக்குக் காலக்கெடு உண்டு.

அந்தக் காலக்கெடுவைவிட வேகமாக வேறொன்றும் நகர்கிறது. 2024 செப்டெம்பர் முதல் ஜேர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையை மீண்டும் ஏற்படுத்தியிருக்கிறது. இரவு பஸ்ஸை மறித்துப் பொலிசார் ஏறுவதும், ஒவ்வொரு ஆசனமாக டோர்ச் அடித்து அட்டை கேட்பதும் இப்போது நடக்கிற விடயம். கறுத்த முகங்களிடமே முதலில் கேட்கிறார்கள் என்ற முறைப்பாடு அங்கே பழையது. ஆகவே போகிற பிள்ளைகள் கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் இரண்டையும் கையில் வைத்திருங்கள், படம் எடுத்த பிரதி செல்லாது. பரீட்சைக்கு முந்திய வாரம் போகாதீர்கள். கடன் வாங்கிப் போகவே வேண்டாம். ஒரு பயணத்துக்கு ஒரு ஊர் போதும். பார்த்ததை அன்றிரவே, திரும்பும் பஸ்ஸில் இருந்தபடியே, தமிழில் ஒரு பக்கம் எழுதி நீங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். நகையை அடகு வைத்துக் காத்திருக்கும் அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள்: ஞாயிற்றுக்கிழமை இரவு அழைப்பு வந்ததும் எவ்வளவு செலவானது என்று கட்டாயம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. கேட்டு முடிந்ததும் போனை வைத்துவிடாமல், அங்கே என்ன பார்த்தாய் என்றும் கேளுங்கள்.